தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் உண்டு. பிறப்பு, படிப்பு, தொழில், மணம், மக்கள், மறைவு என்று ஆறு இடங்கள். தாளில் எழுதிய சான்றோ, நேரில் கண்ட இருவரின் வாய்மொழியோ இருந்தால்தான் பேனா; அதுவரை பென்சில். என் சித்தப்பா தொடங்கிவைத்த ஒழுங்கு இது. ஏடு என் கைக்கு வந்த பதினெட்டு ஆண்டுகளில் அது மீறப்படவில்லை. என் தம்பி மகளின் பக்கத்தில் 'தொழில்' என்ற இடத்தில் மட்டும் பதினான்கு மாதங்களுக்குள் ஐந்து முறை பென்சிலால் எழுதி ஐந்து முறை அழிக்க நேர்ந்தது. அழித்த இடத்தில் தாள் மெலிந்து, மறுபக்கத்து எழுத்து நிழலாகத் தெரிகிறது. அந்த இரண்டு விரற்கடை இடம் எப்படி நிரம்பியது என்பதையே இங்கே எழுதிவைக்கிறேன்.

அவளுக்கு வீட்டில் 'கோந்து' என்று பெயர். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்வாள் என்பதால் வந்த பட்டம். அவள் தந்தையான என் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். தாய் ஒரு மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவள். அவர்கள் குடியிருப்பது நான்காம் மாடியில். நான் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மாதத்தில் இருபது நாள் நின்றே கிடக்கும். அதன் பராமரிப்பு வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு என்பதால் தம்பி அதைத் தொடக் கூடாது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்துவிட்டு, கருவிப் பையோடு நான்கு மாடி ஏறி வருவான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் சிரிப்பார்கள்.

கோந்து கணினிப் பொறியியலில் நான்காண்டுப் பட்டம் பெற்றவள்; முதல் வகுப்பு. வேலை என்றால் வீடியோ கேம் செய்யும் நிறுவனத்தில்தான் என்று இரண்டாம் ஆண்டிலேயே முடிவு செய்திருந்தாள். அவளுடைய அறை, வீட்டின் சாமான் அறையாக இருந்தது. கட்டில் போட்டபின் கதவு பாதிதான் திறக்கும். உடலைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நுழைய வேண்டும். ஒரே சன்னல். அதைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் லிஃப்ட் கூண்டின் வெளிச்சுவர். லிஃப்ட் ஓடும் அரிய நாட்களில் கம்பி வடத்தின் முனகல் அந்தச் சுவர் வழியே கேட்கும். பட்டம் வாங்கிய மாதம் முதல் அவள் அங்கிருந்து உண்ணவும் குளிக்கவும் மட்டுமே வெளியே வந்தாள்.

"மூணு வேளையும் கம்ப்யூட்டர்தான் அண்ணி. சாப்பாட்டுக்கு முன்னாடியும், சாப்பாட்டுக்குப் பின்னாடியும்" என்பாள் தம்பி மனைவி. "இந்த டோஸுக்கு யானையே படுத்துடும்."

ஐம்பத்தெட்டு விண்ணப்பங்கள் போட்டாள். இருபத்தொரு பதில்கள் வந்தன. அவற்றைத் தாளில் அச்செடுத்து அவள் பெயரிட்ட உறையில் சேர்த்தேன்.

"வேணாம்னு சொன்ன கடிதத்தையெல்லாம் எதுக்கு அத்தை சேக்குறீங்க?" என்று கேட்டாள்.

"வேணும்னு சொல்ற கடிதம் ஒண்ணுதான் வரும். அதுவரைக்கும் நடந்ததை நான் எங்க எழுதறது?"

அந்தத் தொழில் புதியவர்களிடம் எதைக் கேட்கிறது என்பதை அந்த இருபத்தொரு தாள்களிலிருந்தே தெரிந்துகொண்டேன். பட்டத்தைப் பற்றி இரண்டு கடிதங்கள்தாம் பேசின. 'புதிய பட்டதாரிகளுக்கான இடம்' என்று விளம்பரம் செய்த நிறுவனங்களிலேயே நான்கு, இரண்டாண்டு அனுபவம் கேட்டன. நீந்தத் தெரிந்தபின் வந்து தண்ணீரில் இறங்கு என்பதுபோல. ஏழு கடிதங்கள் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டன: முழுதாக முடித்த விளையாட்டு ஒன்றாவது உண்டா?

இல்லை. தொடங்கியவை பதினொன்று இருந்தன. ஒன்றில் படகோட்டி கரையை விட்டுப் புறப்படுவான். எதிர்க்கரை இன்னும் வரையப்படவில்லை. இன்னொன்றில் தபால்காரர் நீண்ட தெருவில் நடப்பார். எந்த வீட்டுக்கும் கதவில்லை. ஒவ்வொன்றும் முதல் ஐந்து நிமிடத்துக்குக் கண்ணைப் பறிக்கும். ஆறாவது நிமிடம் கிடையாது. அகல உழுவதைவிட ஆழ உழு என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. பதினொரு முறையும் சொல்லப்பட்டது.

ஒரு நிறுவனம் அவளை நேரில் அழைத்தது. கல்லூரி இறுதியாண்டில் நால்வர் சேர்ந்து செய்த விளையாட்டைக் காட்டினாள். இதில் உங்கள் கை எது என்று கேட்டார்களாம். மற்ற மூவரும் எழுதிய கணினி நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளப் பொறுமையில்லாமல், கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் தானே திருத்தி எழுதிவிட்டதைப் பெருமையாகச் சொன்னாள். நேர்காணல் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. தன்னிடம் அவர்களுக்குப் பிடிக்காமல் போனது எது என்பது அவளுக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று.

இன்னும் ஒரு நிறுவனத்து அம்மையார் தொலைபேசியில் மறுத்தார். மறுத்த கையோடு ஒன்று கேட்டார். கோந்து அதை என்னிடம் அப்படியே சொன்னாள்.

"முன்பின் தெரியாத ஆளுங்க முன்னாடி உன் கேமை வச்சுட்டு, வாயை மூடிட்டு உக்காந்திருக்கியான்னு கேட்டாங்க அத்தை."

"உக்காந்திருக்கியா?"

"ஆளுங்களை உக்கார வச்சிருக்கேன். வாயைத்தான் மூடினதில்ல. 'அங்க இல்ல, இடது பக்கம்', 'அதைத் தொடாத'ன்னு சொல்லிட்டே இருப்பேன். விளையாடுறவன் வீட்டுக்கெல்லாம் நான் போய் நிப்பேனான்னு கேட்டு வச்சுட்டாங்க."

பன்னிரண்டாம் மாதத்தில் தம்பி மனைவியின் அண்ணன் ஒரு செய்தியோடு வந்தார். அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கோரிக்கைப் பிரிவின் தலைவர். விபத்து, நோய், தீ என்று வரும் கோரிக்கைத் தாள்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் ஓர் இருக்கை காலியாகிறது. மருமகளுக்காகப் பிடித்து வைக்க முடியும். ஆனால் எல்லையில்லாமல் அல்ல.

"அடுத்த ரெண்டாவது மாசம், முதல் திங்கக்கிழமை. அன்னைக்கு காலையில ஒன்பது மணிக்கு அந்த நாற்காலியில ஒரு ஆள் உக்காந்திருக்கணும்" என்றார். "அது நீயா இருந்தா எனக்கு சந்தோஷம். இல்லன்னா வேற யாரோ. நாற்காலிக்கு வித்தியாசம் தெரியாது."

"அங்க எத்தனை வருஷமா இருக்கீங்க மாமா?"

"இருபத்தாறு. ஏன், பார்த்தா தெரியலையா?" என்று தம் முன்வழுக்கையைத் தடவிக் காட்டினார். எல்லாரும் சிரித்தோம். கோந்து மட்டும் அந்த வழுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திங்கட்கிழமைக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மாமாவின் அலுவலகம் என்று அவளே ஒப்புக்கொண்டாள். அன்று நான் பென்சிலால் எழுதியது ஐந்தாம் முறை.

குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, முப்பது பேர் வேலை செய்யும் சிறிய விளையாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து அவளுக்குத் தேர்வுப் பணி வந்தது. இடம் ஒன்றுதான்: விளையாட்டின் அறைகளையும் பாதைகளையும் வடிவமைக்கும் வேலை. ஏழு நாளில் ஐந்து அறைகள் கொண்ட ஒரு கட்டம், அவர்கள் சொல்லில் 'லெவல்', செய்ய வேண்டும். திரையில் ஒரு சொல்லும் வரக் கூடாது. விளையாடுகிறவர் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். செய்பவர் தம் வசதிக்காக வைத்திருக்கும் உதவிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும். ஒருமுறை அனுப்பியதே இறுதி. மாற்றி அனுப்ப வழியில்லை. இந்நிபந்தனைத் தாளும் உறையில் உள்ளது.

இம்முறை அவள் எதிர்க்கரையிலிருந்து தொடங்கினாள். முடிவு முதலில்: கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் இயந்திர அறை, அங்கே ஒரு சக்கரத்தைத் திருப்பினால், மாடிகளுக்கிடையே நின்றுபோன லிஃப்ட் மெல்ல இறங்கி, உள்ளே அகப்பட்டிருக்கும் ஒருவர் வெளியே வருவார். மின்சாரம் போன கட்டடத்தில், கையில் ஒரு விளக்கோடு, நுழைவாயிலிலிருந்து அந்தச் சக்கரம் வரை ஏறிச் செல்வதே விளையாட்டு. தகவல் கேட்கத் தகப்பன் வீட்டிலேயே இருந்தான்; அந்த அறை உச்சிக்குப் போனதே அவனால்தான்.

"மெஷின் ரூமைக் கீழ வச்சிருக்கியே? மேலதான் இருக்கும்" என்றான் தம்பி, முதல் நாள் எட்டிப் பார்த்து.

"எல்லா பில்டிங்லயுமா?"

"நான் ஏறி இறங்குற பில்டிங்ல. உன் பில்டிங்ல எப்படின்னு நீதான் சொல்லணும், இன்ஜினியரம்மா."

இனி வருவதைப் புரிந்துகொள்ள ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விளையாட்டுச் செய்கிறவர்கள் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பின்னும் தாமே அதற்குள் இறங்கி நடந்து பார்ப்பார்கள்; நாளொன்றுக்கு நூறு தடவைகூட. நேரம் மிச்சமாக, சுவரையும் தரையையும் ஊடுருவிப் பறந்து போக ஒரு பொத்தானைத் தமக்கென்று அமைத்துக்கொள்வது வழக்கம். கோந்து விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒன்பதாம் பொத்தானை அதற்கு வைத்திருந்தாள். நான் பின்னால் நின்று பார்த்த பொழுதுகளில், அவள் இடக்கை நடு விரல் கண் இமைப்பதுபோல அந்தப் பொத்தானுக்குப் போய்வரும். ஆறாம் நாள், சனிக்கிழமை நண்பகலில், அந்தப் பொத்தானின் வேலையை நீக்கிவிட்டு, கட்டத்தை அனுப்பினாள். அவள் வாழ்நாளில் முடித்த முதல் விளையாட்டு. பாதி திறந்த கதவு வழியே வெளியே வந்து, என் தோளில் தலை வைத்துக்கொண்டு, "முடிச்சுட்டேன் அத்தை" என்றாள். அச்சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் ஞாயிறு பிற்பகல். தம்பி, "எங்க, நான் ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தான். தம்பி மனைவி கட்டிலில், நான் வாசற்படியில், அறையில் வேறு இடமில்லை. கோந்து சன்னலோரம் நின்று, தொலைபேசி அம்மையாரின் சொல்லை நினைவில் வைத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

தம்பி முதலிரண்டு அறைகளையும் நன்றாகவே கடந்தான். மூன்றாவது, தண்ணீர் இறைக்கும் அறை. நடுவே பெரிய தொட்டி, எதிரே படிக்கட்டு, படிக்கட்டின்மேல் மங்கிய ஒளி. யாராயிருந்தாலும் ஒளியை நோக்கிப் போவார்கள் என்பது அவள் கணக்கு. தம்பி போகவில்லை.

"இந்தக் குழாய் எங்க போகுதுன்னு பார்க்கணுமே" என்றான். குழாயைப் பிடித்துத் தொட்டியின்மேல் ஏறினான். தொட்டிக்கும் பின்சுவருக்கும் இடையே ஒரு முழ இடைவெளி. எட்டிப் பார்த்தவன் அதற்குள் விழுந்தான்.

விழுந்த மனிதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்றான். இடப்பக்கம் இரண்டடி நடந்தான், சுவர். வலப்பக்கம் இரண்டடி, சுவர். குதித்தான், தொட்டியின் பாதி உயரம்கூட எட்டவில்லை. கைவிளக்கு தொட்டியின் துருவை மட்டும் காட்டியது.

"சரி, இதுக்குள்ளதான் ஏதோ வச்சிருக்கா" என்று தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

பத்து நிமிடம் தேடினான். இருபது நிமிடம். ஒவ்வொரு ஆணியாக விளக்கடித்துப் பார்த்தான். கோந்து வாயைப் பொத்திய கையை அப்போதும் எடுக்கவில்லை.

"என்னங்க, மாட்டுனவங்களைக் காப்பாத்தப் போன இடத்துல நீங்களே மாட்டிக்கிட்டீங்களா?" என்றாள் தம்பி மனைவி.

"சும்மா இரு. எனக்கு இதுல இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்."

"அந்த சர்வீஸைப் பார்த்துத்தான் நம்ம லிஃப்டே படுத்துக் கிடக்கு."

நாற்பதாவது நிமிடத்தில் தம்பி விசைப்பலகையைத் தள்ளிவைத்தான். "லிஃப்டுல மாட்டுனாகூட ஒரு மணி இருக்கும்மா. அமுக்குனா எவனாவது வருவான். இங்க செத்துப்போகக்கூட வழி இல்லையே. செத்தாலாவது முதல்லேர்ந்து வரலாம்."

கோந்து முன்னால் வந்து குனிந்தாள். அவள் இடக்கை நடு விரல் தானாகவே ஒன்பதாம் பொத்தானை அமுக்கியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். திரையில் அந்த மனிதன் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"அப்பா, நான் இதுக்குள்ள எத்தனையோ தடவை விழுந்திருக்கேன்" என்றாள். "ஒவ்வொரு தடவையும் இதை அமுக்கிட்டு வெளிய வந்துட்டேன். விழுந்தேங்கறதே எனக்கு ஞாபகம் இல்ல."

அனுப்பியதை மாற்ற முடியாது. நேர்காணல் வியாழக்கிழமை என்று அன்று மாலையே செய்தி வந்தது. அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று பொருள். வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று.

"கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில்?" என்றாள் தம்பி மனைவி. "மருந்துல பக்கவிளைவு இருந்தா சீட்டுல பொடி எழுத்துல போடுவாங்க. வாசல்ல நின்னு கத்த மாட்டாங்க. உங்கப்பாவை மாதிரி குழாயைப் பிடிச்சுட்டுப் போற ஆளு அங்க யாரு இருக்கப் போறா?"

தம்பி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "என்னைக் கேக்காதே. நான் இன்னும் தொட்டிக்குப் பின்னாலதான் இருக்கேன்" என்றான்.

திங்கட்கிழமை முழுதும் கோந்து அறையைவிட்டு வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை மாமாவின் நாற்காலி. அதற்கும் அவளுக்கும் இடையில் இருந்தது இந்த ஒரு கட்டம். அதன் நடுவே, அவளே தோண்டிய பள்ளம். சொல்லாமலிருந்தால், வியாழக்கிழமை அங்கே யாரேனும் விழும்வரை காத்திருக்க வேண்டும். சொன்னால், அவர்கள் அழைப்பையே ரத்து செய்துவிடக்கூடும். பிற்பகலில் நான் உடலைத் திருப்பி உள்ளே நுழைந்தபோது அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். தொட்டிமேல் ஏறுவாள், விழுவாள், முதலிலிருந்து தொடங்குவாள், மறுபடி ஏறுவாள். மடியில் தம்பியின் கருவிப் பையிலிருந்து எடுத்த பழுதுச்சீட்டுப் புத்தகம். லிஃப்டைத் திறந்து ஆளை மீட்கும்போதெல்லாம் அவன் நிரப்ப வேண்டிய சீட்டு அது: எந்த மாடி, என்ன செய்தபோது நின்றது, என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், காரணம்.

"நாலு வழியில விழலாம் அத்தை" என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "குழாய் வழியா ஒண்ணு. படிக்கட்டுலேர்ந்து ஓடி வந்து குதிச்சா ஒண்ணு. மூணாவதும் நாலாவதும் இப்பத்தான் கண்டுபிடிச்சேன்."

"சொல்லப் போறியா?"

"தெரியல. எழுதிப் பார்க்கிறேன்."

எழுதியதை என்னிடம் காட்டினாள். ஒரு பக்கம். மன்னிப்பு இல்லை, அலங்காரம் இல்லை. நான்கு வழிகள், ஒவ்வொன்றுக்கும் படிப்படியாகக் குறிப்பு. 'காரணம்' என்ற இடத்தில்: 'செய்தவரிடம் வெளியேறும் வழி ஒன்று இருந்தது, விளையாடுகிறவரிடம் இல்லை என்பதை அவர் மறந்துவிட்டார்.' செவ்வாய் காலை, தாய் கடைக்குப் புறப்பட்டுப் படியிறங்கும் ஓசை அடங்கிய பிறகு, அதை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். அழைப்பு ரத்தாகவில்லை. தாய் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

வியாழக்கிழமை நேர்காணலில் நடந்ததை அவள் சொல்லச் சொல்ல அன்று மாலையே குறித்துக்கொண்டேன். இருமுறை படித்துக் காட்டி ஒப்புதல் பெற்றேன். மூன்று பேர் இருந்தார்கள். நடுவிலிருந்த மூத்த வடிவமைப்பாளர்தான் முதலில் பேசினார்.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேன். உங்க மெயில் வர்ற வரைக்கும் எங்கள்ல யாரும் மூணாவது ரூமுக்குப் போகவே இல்ல."

"போகவே இல்லையா?"

"இந்த இடத்துக்கு நூத்துப் பதினாறு பேர் கேம் அனுப்பியிருக்காங்கம்மா. எல்லாத்துலயும் ரெண்டு ரூம் பார்ப்போம். உங்களோடது நல்லா இருந்துச்சு, கூப்பிட்டோம். அப்புறம் உங்க மெயில். சரி, விழுந்துதான் பார்ப்போமேன்னு மூணு பேரும் போய் விழுந்தோம்."

ஓரத்திலிருந்தவர், அவள் கண் முன்னாலேயே அதை விளையாடிக் காட்டுகிறேன் என்று மடிக்கணினியைத் திருப்பினார். அவள் வாயைத் திறக்காமல் பார்த்தாள். அவர் தொட்டியின்மேல் ஏறவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் சுவரோரமாகப் பின்னோக்கி நடந்தார். அப்படியே பக்கச் சுவரையே ஊடுருவித் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சிக்கினார்.

"இது உங்க லிஸ்ட்ல இல்லையே" என்றார் சிரித்துக்கொண்டு.

கோந்து பையைத் திறந்து பழுதுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "ஒரு நிமிஷம் சார். விளக்கை அணைச்சது முதல்லயா, திரும்பினது முதல்லயா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் பொருள் தனக்கு நல்லதென்று அவள் அப்போது நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. வடிவமைப்பு இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அவளுக்கு வேறு இடம்: சோதனைப் பிரிவில், ஆறு மாத ஒப்பந்தம். மற்றவர்கள் செய்த விளையாட்டுகளில் நாள்முழுதும் விழுந்து பார்த்துச் சீட்டு எழுதும் வேலை. அறைகளைக் கட்ட அங்கு போனவளிடம், அவள் விழுந்ததையும் எழுதியதையும்தான் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

"எட்டு மணி நேரம் சுவத்துல முட்டிக்கிறதுக்கு நாலு வருஷப் படிப்பா?" என்றாள் தாய். "வாயை மூடிட்டு இருந்திருந்தா அந்த இடமே கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்கலாம்மா."

"அண்ணன்கிட்ட என்ன சொல்றது? அங்கயும் ஒரு நாற்காலி, இங்கயும் ஒரு நாற்காலி. அங்க நிரந்தரமாவது உண்டு."

கோந்து உடலைத் திருப்பித் தன் அறைக்குள் போய்விட்டாள். சனிக்கிழமை பகல் முழுதும் கதவு பாதியில் நின்றது. மாலையில் மாமாவைத் தானே அழைத்து, வரவில்லை என்றாள். அவர் கோபிக்கவில்லை. "நாற்காலிக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னேன்ல? தப்பு. எனக்குத் தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாராம்.

சோதனைப் பிரிவை ஒருமுறை போய்ப் பார்த்தேன். நிறுவனத்தின் உள்ளறை, சன்னல் இல்லை, திரைகளில் ஒளி பட்டு மினுங்கும் என்பதால் விளக்குகளையும் குறைத்திருக்கிறார்கள். பதினொரு இருக்கைகள். கோந்து ஏழாவதில். திரையில் ஒரு கோட்டை. அதன் மதிலை ஒட்டி ஒரு வீரன் மெல்ல நடந்துகொண்டிருந்தான். ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை அவனைச் சுவரில் மோத வைத்தாள். முட்டி, நகர்ந்து, முட்டி. அந்த மதிலை முடிக்க இரண்டு நாளாகும் என்றாள். அந்த அறையிலிருந்து வடிவமைப்புப் பிரிவுக்குப் போனவர் யாரேனும் உண்டா என்று கேட்டேன்.

"ஒருத்தர் போனார்னு சொல்றாங்க. நான் சேர்றதுக்கு முன்னாடி. யாருக்கும் அவர் முகம் ஞாபகம் இல்ல."

ஆறு மாதம் முடிந்து, இன்னும் ஆறு மாதம் நீட்டித்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் எழுதியிருக்கிறாள். மற்றவர் நிரலைப் படிக்கப் பொறுமையில்லாதிருந்தவள், இப்போது நாள்முழுதும் மற்றவர் செய்ததையே படிக்கிறாள். நீட்டிப்புக் கடிதம் வந்த அன்று பதிவேட்டை எடுத்துக்கொண்டு நான்காம் மாடிக்குப் போனேன்.

"வடிவமைப்பாளர்னு போடுங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "அறுபது வருஷம் கழிச்சு யாரு வந்து சரி பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்மா" என்றாள் கோந்து. "டெஸ்டர்னு எழுதுங்க அத்தை. பேனாவாலயே எழுதுங்க. பக்கத்துல மட்டும் கொஞ்சம் இடம் விடுங்க."

'சோதனையாளர்' என்று எழுதினேன். தாள் மெலிந்திருந்ததால் மை சற்றே பரவியது. பக்கத்தில் ஒரு விரற்கடை இடம் இருக்கிறது.

அன்று ஞாயிறு. தம்பி அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி அந்தக் கட்டடத்தில் ஏறிக்கொண்டிருந்தான். விடுமுறை நாட்களில் அவள் அதைச் சிறிது சிறிதாகத் திருத்திவருகிறாள். தொட்டிக்குப் பின்னால் வேண்டுமென்றே விழுந்தான். சுவரில் புதிதாக ஒரு சிவப்புப் பொத்தான் தெரிந்தது.

"மணி வச்சுட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அமுக்கினான். மணி அடித்தது. இன்னொருமுறை அமுக்கினான். அடித்தது. மாடிக்கு மாடி அது எதிரொலிப்பதை நாங்கள் நால்வரும் கேட்டோம்.

"அடிக்குது. யாரும் வரலையே?"

"வர்ற ஆளை இன்னும் செய்யலப்பா" என்றாள் கோந்து. "கொஞ்ச நேரம் உள்ளயே இருங்க."